ஆர்சிங்க்கும் ஒரு கமாவும்

எங்க ஆபீஸ் பேக்கப் ரிப்போர்ட்டை ஒரு ராத்திரி தற்செயலா திறந்தேன். ‘மொத்த ஃபைல்கள்: 1’ அப்படின்னு இருந்துச்சு. 12 லட்சத்துக்கு மேல இருக்க வேண்டிய இடம். அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். ஆர்சிங்க் திரையில எழுதுற வரிகளைப் படிச்சு, எண்களைப் பிரிச்சுத் தர்ற பைத்தான் லைப்ரரி நான் எழுதினதுதான். கை நடுங்கிருச்சு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1996 ஜூன்ல ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்து ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் ரெண்டு பேரும் ஆர்சிங்க்கை அறிவிச்சாங்க. பழைய பிரதி அந்தப் பக்கம் ஏற்கெனவே இருந்தா, மாறின துண்டுகளை மட்டும் அனுப்பினா போதும்ங்கிறதுதான் யோசனை. ட்ரிட்ஜெல்லோட 1999 முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இது வருது. அல்காரிதம் அழகு, அதுக்குத் தனி எபிசோடே போடலாம். ஆனா திரையில அது எழுதினது? ஃபைல் பேரு, கடைசியில ரெண்டு வரி கணக்கு. டெர்மினல் முன்னாடி உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அது போதும். ஸ்கிரிப்ட்டுக்குப் போதாது.

2005-ல 2.6.4 பதிப்பில் ‘ஐட்டமைஸ் சேஞ்சஸ்’ வந்துச்சு. ஒவ்வொரு ஃபைல் பேருக்கும் முன்னாடி 9 எழுத்து: அனுப்புதா வாங்குதா, ஃபைலா டைரக்டரியா, சைஸ் மாறிச்சா, நேரம் மாறிச்சா, இப்படி. அப்பாடா, இடத்தை எண்ணி வெட்டிக்கலாம்னு எல்லாரும் வெட்டினாங்க. 2008-ல 3.0.0 வந்தப்ப, கூடுதல் அனுமதி விவரங்களுக்காக அந்த 9 எழுத்து 11 ஆயிடுச்சு. பழைய கணக்குல வெட்டினா, புது ஃபைல் ஒவ்வொண்ணோட பேருக்கும் முன்னாடி ஒரு பிளஸ் குறி ஒட்டிக்கும்.

எனக்கு ஆப்பு வச்சது 2013-ல வந்த 3.1.0. எண்கள் படிக்க வசதியா இருக்கட்டும்னு, மூணு இலக்கத்துக்கு ஒரு கமா போட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல 12,84,310னு எழுதுவோம், அது 1,284,310னு எழுதும். தசமப் புள்ளிக்குக் கமா போடுற நாட்டு செட்டிங்கா இருந்தா, இந்தக் கமாவுக்குப் பதிலா புள்ளி வரும்! நாங்க பழைய சர்வரை மாத்தினப்ப ஆர்சிங்க்கும் 3.0-ல இருந்து 3.1-க்குப் போச்சு. என் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இலக்கங்களை மட்டும் தேடும். முதல் கமாவைப் பார்த்ததும் நின்னுடும். அதனாலதான் 1.

பேக்கப் பத்திரமா இருந்துச்சு. போனது அலாரம். ஒரே ராத்திரியில 50 ஜிபிக்கு மேல டேட்டா மாறினா எச்சரிக்கை அனுப்பணும்னு வச்சிருந்தேன், யாராவது ஃபைல்களை எல்லாம் என்க்ரிப்ட் பண்ணிட்டா தெரியட்டும்னு. 60 ஜிபி மாறியிருந்தாலும் என் லைப்ரரி 60 பைட்னுதான் படிச்சிருக்கும். 11 நாள் அந்த அலாரம் செத்துக் கிடந்திருக்கு. எர்ரர்னு ஒரு வரிகூட வரல.

கமாவை நிறுத்த ஒரு ஆப்ஷன் இருக்கு. வரி வடிவத்தை நாமே சொல்ற ‘அவுட் ஃபார்மட்’டும் இருக்கு. ரெண்டையும் போட்டேன். அடுத்த வாரம் வேற ஒண்ணு. தமிழ்ல பேர் வச்ச ஃபைல்களைக் காணோம்னு லைப்ரரி புலம்புது. கிரான் வழியா ஓடும்போது லோகேல் வெறும் ‘சி’. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணையும் ஆர்சிங்க் பைட் பைட்டா உடைச்சு எழுதுது. ‘அ’ வர வேண்டிய இடத்துல \#340\#256\#205. அதை நிறுத்தவும் ‘8-பிட் அவுட்புட்’னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. இப்ப என் டெஸ்ட்ல முதல் ஃபைலோட பேரு ‘அம்மா ஃபோட்டோ’.