மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புத் திட்டம்

வேறு நோய்க்காகச் சேர்ந்தவருக்கு மருத்துவமனையிலேயே புதிய தொற்று வராமல் காக்கும் நிரந்தர ஏற்பாடு. கைச்சுத்தம், கிருமிநீக்கம், ஊழியர் பயிற்சி, தொற்றுகளைக் கணக்கெடுத்தல் ஆகியவை இதன் வேலைகள். கடைசியாகச் சொன்னதே மற்றவற்றுக்கு ஆதாரம்.

வரலாற்றை வியன்னாவிலிருந்து தொடங்குவது வழக்கம். அங்குள்ள பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வரும் மாணவர்களை 1847 மே முதல் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த பிரசவ மரணம் ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது. ஆனால் அது தனி ஒருவரின் பிடிவாதம், திட்டம் அல்ல. 1849-இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைப் புண்களைக் காத்த முறையை வெளியிட்டார்.

பெனிசிலின் வந்ததும், இனி மருந்து பார்த்துக்கொள்ளும் என்ற மெத்தனமும் கூடவே வந்தது. 1950-களில் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி வார்டுகளில் பரவியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் வேண்டும் என்று பிரிட்டனில் 1940-களிலேயே பரிந்துரை உண்டு. ஆனால் குழு கூடும், கலையும். வார்டில் என்ன நடக்கிறது என்று தினமும் போய்ப் பார்க்க ஆள் இருக்காது. இங்கிலாந்தின் டார்கி நகரிலுள்ள டார்பே மருத்துவமனை 1959-இல் இதற்கென்றே ஒரு செவிலியரை நியமித்தது. கிருமியியலாளர் பிரெண்டன் மூரின் யோசனை அது, பொறுப்பேற்றவர் கோட்ரெல். ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவே நடந்து, யாருக்கு எங்கே தொற்று என்று அவர் கண்காணித்தார். திட்டம் என்று சொல்லத்தக்கது உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

செலவுக்குத் தக்க பலன் உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் 'செனிக்' ஆய்வு பதில் தந்தது. 338 மருத்துவமனைகளை ஆராய்ந்த அதன் முடிவு 1985-இல் வெளியானது. தீவிரக் கண்காணிப்பு, 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், பயிற்சி பெற்ற மருத்துவர், அறுவைப் புண் தொற்று விகிதத்தை அறுவை மருத்துவரிடமே தெரிவிப்பது: இவை அமைந்த இடங்களில் தொற்று சுமார் 32 விழுக்காடு குறைந்தது, திட்டம் இல்லாத இடங்களில் 18 விழுக்காடு கூடியது. இவற்றில் நான்காவதுதான் பலருக்குக் கசப்பான மருந்து.

எய்ட்ஸ் காலத்தில், எல்லா நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளும் நெறி வந்தது. 1990-களில் ஜெனீவாவில் மருத்துவர் டிடியே பிட்டே குழுவினர் ஆல்கஹால் கைத்தேய்ப்புத் திரவத்தைப் படுக்கையருகிலேயே வைத்தனர். கைச்சுத்தம் பேணுவது 48-இலிருந்து 66 விழுக்காடாக உயர்ந்தது.

இந்தியா 2020 ஜனவரியில் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. செனிக் ஆய்வு சொன்ன 250 படுக்கைக்கு ஒருவர் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் இன்று குறைந்தபட்சமாகவே கொள்கிறது. 100 படுக்கைக்கு ஒருவர் இருப்பதே நல்லது என்பது அதன் 2016 வழிகாட்டியின் கருத்து.