எண்ணெயின் கேட்டை உணர்த்தும் மின்சாரம்



பொரித்த எண்ணெய் கெட்டுவிட்டதா என்பதை நிறம், மணம், நுரை ஆகியவற்றைக் கொண்டு கணிப்பதே நம் வீட்டு வழக்கம். ஆயினும் கண் ஏமாறும். கறுத்த எண்ணெய் எல்லாம் கெட்டதன்று. தெளிந்த எண்ணெய் எல்லாம் நல்லதுமன்று. இன்று சிறு கோல் போன்ற மின்னுணரியைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தினால் ஒரு நிமிடத்திற்குள் விடை கிடைக்கிறது. அதன் வரலாறு அடுக்களையில் தொடங்கவில்லை.

1837 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஓர் ஆய்வு செய்தார். கோளத்துக்குள் கோளமாகப் பித்தளையில் அமைந்த, ஒரே அளவான இரு கருவிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றன் இடைவெளியில் காற்று மட்டும் இருந்தது. மற்றொன்றில் அரக்கை இட்டார். ஒன்றுக்கு மின்னூட்டி இரண்டையும் இணைத்தபோது மின்னூட்டம் சரிபாதியாகப் பிரியவில்லை. அரக்கு இருந்த கருவியே மிகுதியாக ஏற்றது. மின்சாரத்தைக் கடத்தாத பொருள்களுக்கும் மின்சாரத்தின்பால் தனித்தனி இயல்பு உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. அவ்வியல்பின் அளவே மின்காப்பு மாறிலி.

ஹென்றி கேவண்டிஷ் 1770களிலேயே இதனைக் கண்டிருந்தார். ஆனால் அவர் வெளியிடவில்லை. 1879 இல் மேக்ஸ்வெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை அறிந்தது.

இவ்வியல்பு பொருளுக்குப் பொருள் பெரிதும் வேறுபடுவதற்கான காரணத்தை 1912 இல் பீட்டர் டெபை விளக்கினார். சில மூலக்கூறுகளின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டிருக்கும். மின்புலத்தில் அவை திசை திரும்பி நிற்க முயல்வதால் மாறிலி உயர்கிறது. நீருக்கு அது ஏறத்தாழ 80. புதிய சமையல் எண்ணெய்க்கோ ஏறத்தாழ 3 மட்டுமே.

ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மீண்டும் மீண்டும் பொரிக்கும்போது, உணவின் ஈரமும் காற்றின் ஆக்சிஜனும் எண்ணெயைச் சிதைக்கின்றன. அப்போது முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன, மாறிலியும் உயர்கிறது. உணரியில் உள்ள மின்தேக்கி அந்த உயர்வையே அளந்து விழுக்காடாகக் காட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே எண்ணெயைப் பிரித்தறியும் முறைக்குப் பல மணி நேரம் தேவைப்படும். முனைவுச் சேர்மங்களுக்கு ஜெர்மனி 24 விழுக்காட்டையும் பிரான்சும் ஸ்பெயினும் 25 விழுக்காட்டையும் எல்லையாகக் கொண்டுள்ளன. எண்ணெயில் நீர்க்குமிழி அடங்குமுன் அளந்தால் கருவி தவறான உயர்வைக் காட்டும் என்பதையும் மறக்கலாகாது.

“மின்கடத்தாப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது” என்று எழுதச் செய்து நாம் பாடத்தை முடித்துவிடுகிறோம். நாம் முடிக்கும் இடத்தில்தான் ஃபாரடே தம் கேள்வியைத் தொடங்கினார். “கடத்தாவிட்டால், வேறு என்ன செய்கிறது?” என்று ஒரு மாணவன் வினவினால், நேரமில்லை என்று அவனை அமர்த்திவிட வேண்டா. கருவி இல்லாத நம் வீடுகளிலோ, ஒரே எண்ணெயில் பன்முறை பொரிப்பதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.