அம்மை குத்தலும் அம்மன் பயமும்

சிகாமட் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், கப்பலேறுமுன்னரே நாகப்பட்டினம், ஆவடி டிப்போக்களில் அம்மை குத்தப்பெற்றனர். கேட்டுச் செய்ததன்று; சர்க்கார் கட்டளை. பெரியம்மையை மாரியாத்தாளின் வருகையென்று வேப்பிலை கட்டிய தாய்க்கு, மடிப்பிள்ளையின் கையைக் கீறுவது தெய்வ நிந்தையாகவன்றோ தோன்றும்!

அதற்கு நூறாண்டு முன்பே இவ்வச்சத்தை உணர்ந்தவர், 1819-ல் காலமான சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை. அம்மைப்பாலைக் குறித்துச் சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதையே புனைந்தார். பொய்க்கதையை நாம் மெச்சோம். ஆயினும் தாய்மாரிடம் அவர்கள் மொழியிற் பேச முயன்றார். கட்டாயம் செய்யும் சர்க்காருக்கு அவ்வளவு பொறுமையேனும் வேண்டாமா?

1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது. ஒழித்தது நம் மூதாட்டியர் அஞ்சிய அக்குத்தலே; அதன் தழும்பு இன்று முதியோர் கைகளில் மட்டுமே காணக் கிடைக்கிறது.