மார்னிங் குளோரிக்கு முன்னாடி அடம்பு

சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரங்க, நண்பர்கள் பலபேர் இப்போ மாடியில் மார்னிங் குளோரி வளர்க்கிறாங்க. விதை பாக்கெட்டு மேலே இங்கிலீஷ் பேரு இருப்பதால், அது ஏதோ சீமைப் பூ என்று நினைப்பு. அந்தக் குடும்பத்தில் ஒரு கொடி சங்க காலத்திலிருந்தே நம்ம கடற்கரையில் கிடக்கிறது. அதுதான் அடம்பு. பழைய பாட்டுகளில் அடும்பு.

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் ஆண்ட சீமை. அளம் என்றால் உப்பளம். அந்தச் சொல் இன்னைக்கும் எங்க வாயில் இருக்கு.

குறுந்தொகையில் நம்பி குட்டுவன் என்ற புலவர் அடும்பின் இலையை மானின் காலடிக்கும், பூவைக் குதிரை கழுத்தில் கட்டும் மணிக்கும் ஒப்பிடுகிறார். கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியலிலும் அடும்பு உண்டு. 1753-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதே கொடிக்குப் பேர் வைத்தபோது, லத்தீனில் 'ஆட்டின் கால்' என்று பொருள் வரும்படி வைத்தார். நம்மாளுக்கு மான் தெரிந்தது, அவருக்கு ஆடு தெரிந்தது. இரண்டு பேரும் பார்த்தது நடுவில் பிளந்த அதே இலையைத்தான்.

இந்தக் குடும்பத்தில் மற்றவங்களையும் சொல்லணும். வள்ளைக்கீரை குளத்தில் படர்வது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கும் அங்கிருந்து வந்ததுதான். வேலிக்கென்று வைத்தது, ஏரி குளமெல்லாம் அடைத்துக்கொண்டது. ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பு கெட்டுச் சாகும். மயில்மாணிக்கம் சிவப்பு நட்சத்திரம் மாதிரி பூக்கும், அதுவும் அங்கத்திய கொடிதான். நீலப்பூ காக்கட்டான் விதை பேதி மருந்து. சிலர் சங்குப்பூவையும் காக்கட்டான் என்பாங்க, ஆனா அது அவரைக் குடும்பம்.

மருந்துக்கென்று சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன இந்தக் காக்கட்டானை அவங்க அழகுக்கு வளர்த்தாங்க. 1603-லிருந்து 1868 வரையான எடோ காலத்தில் விதவிதமான பூவுக்கு ஊரே பைத்தியமாச்சு. அவங்க மொழியில் 'அசகாவ்', அதாவது காலை முகம். டோக்கியோவில் ஜூலை மாதம் இதற்கென்றே சந்தை கூடுது.

நம்ம அடம்புக்குச் சந்தை கிடையாது. ஆனா அது செய்யும் வேலை பெரிசு. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கும். காத்து கொண்டுவரும் மணல் கொடியில் தங்கித் தங்கித்தான் மேடு உயரும். விதை கடல்தண்ணியில் மாதக்கணக்கில் மிதந்தாலும் கரை சேர்ந்து முளைக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் மணல்மேட்டின் அருமை கடற்கரைக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேடு கரைந்தால் உப்புக்காத்தும் மணலும் நேரா உள்ளே வரும், மல்லாட்டைக் கொல்லை தாங்காது.

கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மணல்மேடு அதிகப் பாதுகாப்புள்ள வகையில்தான் வருது. ஆனா கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் இடம் வாங்குறவங்க முதலில் செய்வது மேட்டைச் சமன்படுத்துவது. அடம்பைக் களை என்று வாரிக் கொட்டிவிட்டு, அதே இடத்தில் பாக்கெட் விதை போட்டுப் பந்தல் கட்டுறாங்க. சவுக்கு நெருக்கமா நட்டாலும் நிழலில் அடம்பு தழைக்காது. அதுக்கு முழு வெயில் வேணும்.

மாடியில் வளர்ப்பதை வேண்டாம்னு சொல்லலை. காக்கட்டான் விதையின் தோலை லேசாக் கீறி, ராத்திரி தண்ணியில் ஊறவைத்துப் போடுங்க. யூரியா போட்டா இலைதான் வரும், பூ வராது. கடலோரம் வீடு உள்ளவங்க மட்டும் அடம்பை விட்டுவைங்க. இல்லாத இடத்தில் கணுவோடு ஒரு முழம் கொடியை மழைக்காலத்தில் மணலில் புதைத்தாலே பிடிச்சுக்கும். காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் வாடும் அந்த ஊதாப்பூவும் மார்னிங் குளோரிதான்.