வழங்கியின் முகவரி என்ன? – சொந்த மேகச் சேமிப்பகங்களின் வரலாற்றில் ஒரு பக்கம்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனது அக்கா வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பொருட்களுள் எமது குடும்பப் படத்தொகுப்பும் ஒன்று. அந்தத் தொகுப்பு இன்று ரொறன்ரோவில் அவரிடம் இருக்கிறது. அதிலுள்ள படங்களுக்கு வேறு பிரதி கிடையாது.

லண்டனில் வாழும் எனது தங்கையின் மகன் கணினித் துறையைச் சேர்ந்தவன். குடும்பத்தவர் தம்மிடமுள்ள படங்களையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் சேர்த்துவைப்பதற்கென்று தனது வீட்டிலேயே ஒரு வழங்கியை அமைத்தான். எந்தப் பெருநிறுவனத்தின் தயவிலும் எமது படங்கள் இருக்கவேண்டியதில்லை என்பது அவனது எண்ணம். அக்காவுக்கும் ஒரு கணக்கைத் திறந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலில் அனுப்பிவைத்தான். இரு வாரங்களின் பின்னர் அக்கா அவனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீ சொன்னதைப் போனில போட்டாச்சு. பேரும் கேக்கேல்ல, பாஸ்வேர்ட்டும் கேக்கேல்ல. சேர்வர் அட்ரஸ் என்னெண்டு கேட்டுக்கொண்டு நிக்குது. உன்ரை வீட்டு அட்ரசைப் போட்டுப் பாத்தன். பிழையெண்டுது."

மருமகனுக்குச் சிரிப்பு வந்ததாம். ஆனால் அக்காவின் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. சொந்த வழங்கியில் இயங்கும் மேகச் சேமிப்பகங்களின் வரலாறு முழுவதிலும், புதிதாக வருபவர் தடுக்கி விழுந்த படி அதுதான். அந்தப் படியைத் தாழ்த்துவதற்கு நடந்த முயற்சிகளைப் பற்றியே இக்கட்டுரை.

கதை ட்ரொப்பொக்ஸ் நிறுவனத்திலிருந்து தொடங்குகிறது. 2007 இல் ட்ரூ ஹூஸ்ரன், அராஷ் ஃபெர்டோசி ஆகிய இரு இளைஞர்கள் அமெரிக்காவில் அதனை ஆரம்பித்தனர். பொஸ்ரனிலிருந்து நியூயோர்க் செல்லும் பேருந்தில் ஏறிய பின்னரே தமது நினைவகக் குச்சியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததை உணர்ந்ததாகவும், அந்த எரிச்சலிலேயே இந்த எண்ணம் பிறந்ததாகவும் ஹூஸ்ரன் கூறியிருக்கிறார். 2007 ஏப்ரலில் அவர் தமது முயற்சியைப் பற்றி இணையத்தில் எழுதியபோது, லினக்ஸ் அறிந்த எவரும் கோப்புப் பரிமாற்றக் கணக்கொன்றையும் வேறு சில கருவிகளையும் இணைத்து இதனைத் தாமே எளிதில் அமைத்துக்கொள்ளலாம் என்று நிரலாளர் ஒருவர் பதிலெழுதினார். கணினித் துறையினர் இன்றும் நினைவுகூரும் பதில் அது. அவர் கூறியது தொழில்நுட்ப ரீதியில் தவறன்று. ஆனால் எளிது என்ற சொல் அவருக்கு ஒரு பொருளையும், எனது அக்கா போன்றவர்களுக்கு வேறொரு பொருளையும் தருகிறது.

2008 செப்டெம்பரில் ட்ரொப்பொக்ஸ் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் போதும்; கணினியில் ஒரு கோப்புறை தோன்றும்; அதில் இட்டவை மற்றைய கணினியிலும் தோன்றும். புதியவரை வரவேற்பதில் அந்நிறுவனம் காட்டிய கவனம் குறிப்பிடத்தக்கது. கோப்புறையைத் திறந்தவுடன் தொடக்க வழிகாட்டி ஒன்று உள்ளே காத்திருந்தது. முதலில் செய்யவேண்டிய சில காரியங்களின் பட்டியலைத் தந்து, அவற்றுட் பெரும்பாலானவற்றை முடித்தவருக்கு 250 மெகாபைட் மேலதிக இடத்தைப் பரிசாக அளித்தது. நண்பரை அழைத்து வந்தால் இருவருக்கும் இடம் கூடியது. எவரிடமும் அது வழங்கியின் முகவரியைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. போகவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது நிறுவனத்துக்குத் தெரியும்.

அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. மக்களின் கோப்புகள் யாவும் சில நிறுவனங்களின் இயந்திரங்களில் குவியத் தொடங்கின. 2010 பெப்ரவரியில் சட்டப் பேராசிரியர் எபென் மொக்லென் நியூயோர்க்கில் ஆற்றிய உரையில் இதன் ஆபத்தை எடுத்துரைத்து, ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சிறிய வழங்கி இருக்கவேண்டும் என்று வாதிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னர், 2010 ஜனவரியில், அமெரிக்காவின் சான் டியேகோவில் நடைபெற்ற கேடிஈ மென்பொருளாளர் கூட்டத்தில், ஜேர்மனியரான ஃபிராங் கார்லிட்ஷெக் 'ஓன்கிளவுட்' என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். எவரும் தமது சொந்த வழங்கியில் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் அது. அதே ஆண்டிலேயே முதற் பதிப்பு வெளிவந்தது. 2013 ஜூனில் எட்வேர்ட் ஸ்நோடென் வெளியிட்ட இரகசியங்கள், இத்தகைய மென்பொருட்களின் தேவையைச் சாதாரண வாசகருக்கும் உணர்த்தின.

ஓன்கிளவுட்டை உருவாக்கியவர்கள் எளிமையை அலட்சியம் செய்தார்கள் என்று கூறமுடியாது. அன்று மலிவாகக் கிடைத்த சாதாரண இணைய வாடகை இடத்திலும் ஓடக்கூடியதாக அதனைப் பிஎச்பி மொழியில் எழுதினர். ஒரேயொரு சிறிய கோப்பை வழங்கியில் ஏற்றி உலாவியில் திறந்தால், மீதியனைத்தையும் தானே இறக்கி நிறுவிக்கொள்ளும் வசதியையும் பின்னர் தந்தனர். நிறுவும் பக்கம் நிர்வாகியின் பெயர், கடவுச்சொல், கோப்புகள் தங்கும் இடம், தரவுத்தளம் ஆகியவற்றை மட்டுமே கேட்டது. தரவுத்தளம் என்றால் என்னவென்று அறியாதவருக்காக, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லாத 'எஸ்கியூலைட்' தரவுத்தளத்தையும் அதில் வைத்திருந்தனர். அவ்வாறு எளிதாகத் தொடங்கியவர்கள், குடும்பம் முழுவதும் உள்ளே வந்து கோப்புகள் பெருகியபோது வேகக் குறைவால் அவதிப்பட்டு, வேறு தரவுத்தளத்துக்கு மாறவேண்டியதாயிற்று. முதல் நாள் வசதி சில வேளைகளில் நூறாம் நாள் தொல்லையாக மாறும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

2012 இல் கணினிக்கான ஒத்திசைவு மென்பொருளும் சேர்ந்துகொண்டது. உள்ளே முதன்முறை நுழைபவருக்கு வரவேற்புச் சாளரம் ஒன்று தோன்றியது. வெறுமையான கோப்புறையைக் கண்டு திகைக்காதபடி மாதிரிப் படங்களும் கையேடும் முன்கூட்டியே இடப்பட்டிருந்தன. ட்ரொப்பொக்ஸ் கற்பித்த பாடங்களில் ஒரு பகுதி இவ்வாறு இங்கும் வந்து சேர்ந்தது. ஆனால் இவையெல்லாம் உள்ளே வந்துவிட்டவருக்கான உபசாரங்கள். வாசலைக் கண்டுபிடிக்கமுடியாமல் வெளியே நிற்பவருக்கு அவை உதவவில்லை.

வாசலில் மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது, முகவரி. இணைப்பை வழங்கும் நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கும் இணைய எண் அடிக்கடி மாறக்கூடியது. பல இடங்களில் ஒரே எண்ணைப் பல சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து அந்த வீட்டை நேரடியாக அடையவே இயலாது. மாறும் எண்ணைச் சமாளிப்பதற்கு ஒரு களப்பெயர் வேண்டும். வீட்டிலுள்ள திசைவியில் வழி திறக்கவேண்டும்.

இரண்டாவது, வீட்டுக்குள் ஒரு பெயரிலும் வெளியே இன்னொரு பெயரிலும் வழங்கியை அழைக்கும்போது ஏற்படும் குழப்பம். நிர்வாகி முன்கூட்டியே பட்டியலிடாத பெயரில் எவரேனும் வந்தால், நம்பகமற்ற களப்பெயர் என்று கூறி மென்பொருள் தடுத்துவிடும். பாதுகாப்புக்கு அது அவசியமான ஏற்பாடுதான். ஆனால் அதனைக் கண்ட விருந்தாளி, தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே எண்ணுவார்.

மூன்றாவது, சான்றிதழ். போக்குவரத்தைக் குறியாக்கம் செய்வதற்கான சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்காதவர்கள் தாமே தயாரித்த சான்றிதழைப் பயன்படுத்தினர். உலாவியோ அந்தத் தளம் ஆபத்தானது என்று எச்சரித்தது. "பரவாயில்லை, அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் உள்ளே வாருங்கள்" என்று தமது பெற்றோருக்கே சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலைமை பலருக்கு ஏற்பட்டது. பாதுகாப்புக்காகச் சொந்த வழங்கி வைத்தவர்கள், தம்மவருக்கு முதற்பாடமாகக் கற்பித்தது எச்சரிக்கையை மீறுவதை.

இந்த மூன்றாவது தடையை நீக்கியவர்கள் சேமிப்பக மென்பொருளாளர்கள் அல்லர். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற இலாபநோக்கற்ற முயற்சி 2015 டிசெம்பரில் பொதுச் சோதனைக்கு வந்து, 2016 ஏப்ரலில் முழுமையான சேவையாயிற்று. இலவசமாகவும் தன்னியக்கமாகவும் சான்றிதழ் கிடைத்தது. சொந்த வழங்கி வைத்திருப்போரின் வரலாற்றில் அதற்கிணையான உதவி வேறெதுவும் இல்லை என்பது எனது கருத்து.

அதே 2016 ஏப்ரலில் கார்லிட்ஷெக் தாம் தொடக்கிய நிறுவனத்திலிருந்து விலகி, ஜூனில் 'நெக்ஸ்ட்கிளவுட்' என்ற புதிய கிளையை ஆரம்பித்தார். அந்தப் பிரிவினையின் காரணங்கள் தனிக்கட்டுரைக்கு உரியவை. எமது விடயத்துக்கு முக்கியமானது அவ்வாண்டு செப்டெம்பரில் வந்த 'நெக்ஸ்ட்கிளவுட் பொக்ஸ்'. ஒரு டெராபைட் வன்தட்டுடன் கூடிய சிறு பெட்டி. அதில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைப் பொருத்தினால் வீட்டு வழங்கி தயார். வன்தட்டு நிறுவனமான வெஸ்ரேர்ண் டிஜிட்டலின் ஆய்வுப் பிரிவும் அதில் பங்கேற்றது. மொக்லென் கண்ட கனவு கடைப்பொருளாக வந்ததைப் போலிருந்தது. ஆயினும் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை.

பின்னர் வந்த முயற்சிகளும் நிறுவுபவரின் சுமையைக் குறைப்பதிலேயே கண்ணாயிருந்தன. தேவையான அனைத்தையும் ஒரே கட்டாகத் தரும் 'ஓல்-இன்-வன்' பொதியை நெக்ஸ்ட்கிளவுட் வெளியிட்டது. ஓன்கிளவுட் 2022 இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட பதிப்பைக் கொண்டுவந்தது. அதற்குத் தரவுத்தளமே தேவையில்லை. ஆனால் அந்த ஓல்-இன்-வன் பொதியும் தொடக்கத்திலேயே ஒரு களப்பெயரைக் கேட்கிறது. பழைய கேள்வி வேறு உடையில் வந்து நிற்கிறது.

அக்கேள்விக்கு விடை கண்டவர்கள் உண்டு. தாய்வானின் சினோலஜி நிறுவனம் தனது சேமிப்புப் பெட்டிகளுக்கு முகவரிக்குப் பதிலாக ஓர் அடையாளப் பெயரைத் தந்தது. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். வழியை நிறுவனத்தின் இயந்திரங்கள் கண்டுபிடித்துக் கொடுக்கும். வாசல் எளிதாயிற்று, ஆனால் வாசற்காவலராக மீண்டும் ஒரு நிறுவனம் வந்து அமர்ந்தது.

ஜேர்மனியின் நோர்த் ரைன்–வெஸ்ற்ஃபாலியா மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் கண்ட விடை எனக்குப் பிடித்தமானது. 2015 பெப்ரவரியில், மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தின் தலைமையில், ஓன்கிளவுட்டை அடிப்படையாகக் கொண்ட 'சியெபோ' என்ற பொதுச் சேமிப்பகத்தை அவை தொடங்கின. மாணவர் தமது பல்கலைக்கழகத்தைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்து, ஏற்கெனவே தம்மிடமுள்ள பல்கலைக்கழகக் கணக்கால் தம்மை உறுதிப்படுத்த வேண்டும். அவ்வளவே, 30 கிகாபைட் இடம் அவருக்குக் கிடைத்தது. மென்பொருள் எவரும் நிறுவக்கூடிய அதே மென்பொருள்தான். மாணவரை ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு நிறுவனம் அவரை வாசலில் வந்து வரவேற்றதே வேறுபாடு. 2018 இல் ஜேர்மனிய மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப மையம் ஏறக்குறைய 300,000 ஊழியர்களுக்கென நெக்ஸ்ட்கிளவுட்டைத் தெரிவு செய்தபோதும் நிலைமை அதுவே. அலுவலகக் கணினியை ஒழுங்குசெய்து கொடுப்பதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறுவது ஒன்றே. சொந்தச் சேமிப்பகத்தில் நுழைபவர் இரு வகையினர்: நிறுவுபவரும் அழைக்கப்படுபவரும். மென்பொருளாளர்கள் தாமே நிறுவுபவர்களாக இருந்ததால், முதலாமவரின் துன்பம் அவர்களுக்கு உடனே தெரிந்தது. இரண்டாமவரின் துன்பம் தெரிவதற்கு நெடுங்காலம் சென்றது. அவர்களுக்கான வசதிகளும் பின்னர் வரத்தான் செய்தன. கடவுச்சொல்லைத் தாமே அமைத்துக்கொள்ளும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பலாம். முகவரி, பெயர், அனுமதி மூன்றையும் ஒரே குறியீட்டுப் படத்தில் அடக்கி, தொலைபேசியின் ஒளிப்படக் கருவியால் வாசிக்கச் செய்யலாம். கணக்கே இல்லாதவரும் கோப்புகளை இடக்கூடிய ஓர் இணைப்பைக் கொடுக்கலாம். ஆனால் இவற்றைத் தேடி எடுத்து விருந்தாளியின் கையில் கொடுக்கவேண்டியவர் வழங்கியை வைத்திருப்பவரே. பெருநிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வரவேற்பை, இங்கே வீட்டுக்காரர் தாமே செய்யவேண்டும்.

எமது பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் இப்போது இவ்வாறான சேமிப்பகங்களை அமைக்கத் தொடங்கினால், வன்தட்டின் கொள்ளளவைப் பற்றி விவாதிக்கும் முன்னர் இதனைச் சிந்திப்பது நல்லது. எழுபது வயதுடைய ஒருவர் முதல் ஐந்து நிமிடங்களில் எதைக் காண்பார்? எவரைக் கேட்பார்? படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கின்றன. அவர்கள் வாசலோடு திரும்பிப் போனால், உள்ளே எவ்வளவு இடமிருந்தும் பயனில்லை.

மருமகனிடம் இவற்றையெல்லாம் நான் சொன்னபோது அவன் சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் பெரியம்மாவுக்கு ஒரேயொரு இணைப்பை மட்டும் அனுப்பினான். தொட்டவுடன் திறக்கும், பெயருமில்லை, கடவுச்சொல்லுமில்லை, படங்களை இடுவதற்கு ஒரு பொத்தான் மட்டும். அன்றிரவு முதற்படம் வந்து சேர்ந்தது. எமது அம்மா முற்றத்துக் கிணற்றடியில் நிற்கும் படம். தொலைபேசியால் பிடித்ததால் ஓரத்தில் அக்காவின் விரலும் விழுந்திருந்தது.

இதுவரை நாற்பத்தொரு படங்கள் வந்துள்ளன. அவற்றின் இன்னொரு பிரதியை வேறிடத்திலும் வைக்குமாறு மருமகனிடம் கூறியிருக்கிறேன். ஒரு வீட்டில் மட்டும் இருப்பது எவ்வளவு பாதுகாப்பானது என்பதை எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.