கைத்தொலைபேசி வழியே வந்தது

நம் சங்கத்தின் முதல் 25 ஆண்டுகளில் தீவிரவாதம் பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்தி. 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா உறுப்பினர்கள் சிங்கப்பூரில் கைதானபோதுதான் அது வாசலுக்கு வந்தது. அவர்கள் வேவு பார்த்த இடங்களில் ஈஷூன் எம்ஆர்டி நிலையமும் ஒன்று. 2003இல் உஸ்தாதுகள் முன்வந்து சமய மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் ஆள் சேர்க்க ஆள் வேண்டும். கூட்டம், உறுதிமொழி, ஓர் ஆசான் என்று இருந்தது. 2007இல் தடுத்துவைக்கப்பட்ட வழக்கறிஞரோ இணையத்தில் படித்தே மாறியவர்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்கு வந்தவர்களைச் சுட்டவன், தலையில் கேமராவை மாட்டி அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டியிருந்தான். இரண்டு பள்ளிவாசல்கள், 51 உயிர்கள். யா அல்லாஹ் என்று பதறினோம். பதறிய கையோடு இன்னும் மூன்று குழுக்களுக்கு அனுப்பியும் விட்டோம். உலகம் அறியட்டும் என்ற எண்ணம்தான். அது பரவ வேண்டும் என்றுதான் அவனும் படம் பிடித்தான் என்பது அன்று உறைக்கவில்லை. முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. வாட்ஸ்அப்பில் எங்களைப் போன்றவர்கள் கைமாற்றியதற்குக் கணக்கு ஏது?

2021 ஜனவரியில் அடுத்த செய்தி. நம் நாட்டு மாணவன் ஒருவன், வயது 16. அதே காணொளியைப் பார்த்து, அதே மார்ச் 15ஐக் குறித்து, தன் வீட்டருகே இருந்த அஸ்ஸியாஃபா, யூசுஃப் இஸ்ஹாக் பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான். எங்கள் மச்சான் தொழப் போகும் பள்ளி அது. அன்றிரவு அந்த மூன்று குழுக்களையும் திறந்து பார்த்தோம். அனுப்பியதை எல்லாரிடமிருந்தும் அழிக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. பையன் வேறு சமயத்தவன். ஆனால் 2001க்குப் பிறகு நம் பெயரைக் கேட்டதும் சிலர் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. அவன் சமயத்தைச் சொல்லி ஏச மனம் வரவில்லை.

2023இல் கட்டுப்பாட்டு ஆணை பெற்ற இன்னொரு 16 வயதுப் பையன் நம்மவன். ராப்லாக்ஸ் விளையாட்டுக்குள் ஐஎஸ்ஐஎஸ் பெயரில் அமைத்த களங்களில் சேர்ந்திருந்தான்.

அதே விளையாட்டை எங்கள் தம்பி மகனும் பள்ளி விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவான். யாரோடு ஆடுகிறாய் என்று கேட்டோம். "தெரியாது பெரியத்தா, பேர் மட்டும்தான் வரும்" என்றான். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டோம்.