பறவையின் நா: ஆராய்ச்சி வரலாற்றிற் சில கட்டங்கள்

பேசும் பறவை மனிதனுக்கு என்றும் வியப்பளித்து வந்துள்ளது. பறவையின் நா அறிஞரின் கவனத்தைப் பெற்றதற்கும் அவ்வியப்பே முதற் காரணமாயிற்று எனலாம். கி.மு. நான்காம் நூற்றாண்டிற் கிரேக்கத்தில் வாழ்ந்த அரிஸ்டோட்டில், விலங்குகளின் வரலாறு பற்றிய தமது நூலில், அகன்ற நாவுடைய பறவைகளே எழுத்தொலிகளைத் தெளிவாக உச்சரிக்க வல்லன என்றார். இந்தியப் பறவையாகிய கிளி மனித நாவுடையது எனச் சொல்லப்படுவதையும் அவர் குறித்துள்ளார். மனிதன் நாவைக் கொண்டு பேசுகின்றான். எனவே பேசும் பறவையும் நாவைக் கொண்டே பேசுதல் வேண்டும் என்ற ஒப்புமையே இக்கருத்துக்கு அடிப்படை.

இவ்வொப்புமை ஏட்டளவில் நின்றிருந்தால் தீங்கில்லை. ஆனால், காகம், மைனா முதலியவற்றின் நாவை வெட்டினால் அல்லது பிளந்தால் அவை பேசத் தொடங்கும் என்ற நம்பிக்கை பல நாடுகளிற் பரவியிருந்தது. அதன் பேரில் எத்தனையோ பறவைகள் ஊனமாக்கப்பட்டன. உண்மையில், பறவையின் குரல் நாவிற் பிறப்பதன்று. மனிதனுடையதைப் போன்று தொண்டையின் மேற்பகுதியிற் பிறப்பதுமன்று. வாதனாளி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், நெஞ்சினுள் ஆழமாக அமைந்துள்ள கீழ்க் குரல்வளையே அதன் பிறப்பிடம். 1800ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு விஞ்ஞானி ஜோர்ஜ் குவியே செய்த ஆய்வுகள் இதனை நன்கு நிலைநாட்டின. மைனாவின் நா மெல்லியது, அகன்றதன்று. ஆயினும் அது பேசுகின்றது. இதை அறிவதற்குக் கத்தி தேவைப்படவில்லை. வளர்த்தவர்கள் அதன் வாயைச் சற்று உற்று நோக்கியிருந்தாற் போதும்.

எனினும் அரிஸ்டோட்டிலின் கூற்று முழுவதும் பிழையன்று. பெரும்பாலான பறவைகளின் நா, என்பும் கசியிழையமும் கொண்ட ஒரு சட்டகத்தின் மேற் கடினமான தோல் போர்த்தது போன்றது; அதன் உள்ளே தனக்கென அமைந்த தசை மிகக் குறைவு. கிளியின் நாவோ தடித்தது, தசைப்பற்று மிக்கது, பல திசைகளிலும் வளையக்கூடியது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த கிளிகளின் கீழ்க் குரல்வளை இருந்த இடத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி பொருத்தப்பட்டு, நாவின் நிலை சிறிது சிறிதாக மாற்றப்பட்டது. மில்லிமீற்றருக்கும் குறைவான மாற்றமே வெளிவரும் ஒலியின் தன்மையை வேறுபடுத்தியமை கண்டறியப்பட்டது. ஆகவே கிளியைப் பொறுத்தவரை நா ஒலியை உண்டாக்காவிடினும் அதனை உருப்படுத்துகின்றது. ஒரு பறவைக்குப் பொருந்தியதை எல்லாப் பறவைகளுக்கும் விரித்தமையே பழைய கருத்தின் குறைபாடு.

அரிஸ்டோட்டிலின் நூலிலேயே நோக்கற்பாலதான வேறொரு முரண்பாடும் உண்டு. மரங்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததும், கழுத்தைப் பாம்பைப் போல முறுக்கும் இயல்புடையதுமான ஒரு சிறு பறவையைப் பற்றி அவர் எழுதுகிறார். அது தன் நாவை நான்கு விரலகலத்திற்கு நீட்டி மீண்டும் உள்ளிழுக்கும் என்ற செய்தி வியக்கத்தக்க அளவு சரியானது. ஆனால் அதன் உறவான மரங்கொத்தியைக் கூறுமிடத்து, அதன் நா பெரியதும் தட்டையானதும் என்று காணப்படுகின்றது. மரங்கொத்தியின் நா புழுவைப் போல் ஒடுங்கியது, நுனியில் முட்கள் கொண்டது. இச்செய்தி வரும் ஒன்பதாம் பகுதி அரிஸ்டோட்டிலே எழுதியதா என்ற ஐயமும் அறிஞரிடையே உண்டு. ஒன்று கண்டறிந்த செய்தி, மற்றையது கேட்டறிந்த செய்தி எனக் கொள்வதே பொருத்தமாகும்.

உரோமரின் அக்கறை வேறு வகையானது. பூநாரையின் நா மிகுந்த சுவையுடையதென அப்பீசியசு என்பவர் கற்பித்ததாகப் பிளினி எழுதியுள்ளார். கி.பி. 69இற் சில மாதங்களே ஆட்சி செய்த விட்டெல்லியசுப் பேரரசனின் விருந்துத் தட்டத்திற் பூநாரைகளின் நாக்குகளும் இடம்பெற்றதைச் சுவெட்டோனியசு பதிவு செய்துள்ளார். அந்நா ஏன் அவ்வளவு தடித்திருக்கிறது என்று அவ்விருந்தில் எவரும் வினவியதாகத் தெரியவில்லை. அது முன்னும் பின்னும் விரைந்தசைந்து, சேற்றுநீரை அலகின் வடிதட்டுகளினூடாகச் செலுத்தும் ஓர் உந்துதண்டாகும். 1957இல் பெனலப்பி ஜெங்கின் பூநாரையின் வடித்துண்ணும் முறையை விரிவாக எழுதினார். சுவைத்தவர்களுக்கும் விளங்கிக்கொண்டவருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

மரங்கொத்தியின் நாவே மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவிற் கேள்விக்குரிய பொருளாயிற்று. லியனாடோ டா வின்சி, தாம் செய்யவேண்டியவற்றைக் குறித்துவைத்த ஏடுகளில், மரங்கொத்தியின் நாவை விவரித்தல் வேண்டும் என்றும் ஒரு குறிப்பு எழுதினார். ஓவியனும் பொறியியலறிஞனுமாகிய ஒருவனை இவ்வுறுப்புக் கவர்ந்ததிற் புதுமையில்லை. 1575இல் நூரெம்பேர்க் நகரில் வெளிவந்த தமது நூலில், பறவைகளின் என்புக்கூடுகளை ஆராய்ந்த வோல்கர் கொயிற்றர் என்ற மருத்துவர் மரங்கொத்தியின் நாவையும் எடுத்துக்கொண்டார். 1709இற் பாரிசு நகரின் விஞ்ஞானக் கழகத்தில் ஜோன் மெரி அந்நாவின் அசைவுகளைப் பற்றிய அவதானங்களை வெளியிட்டார். இலண்டன் றோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ரிச்சட் வாலரின் கட்டுரை அச்சங்கத்தின் வெளியீட்டில் 1716இல் வந்தது. அதன் தலைப்பே மரங்கொத்தியின் நாவை இயற்கையின் விந்தையான பொறி என்று அழைக்கின்றது. அக்காலம் கடிகாரங்களின் காலம். உயிருள்ள உடலையும் நெம்புகளும் கயிறுகளும் கொண்ட பொறியாக நோக்கும் மனப்பாங்கு கற்றோரிடையே பரவியிருந்தது. அம்மனப்பாங்கு பல இடங்களில் ஆராய்ச்சியைத் தவறான வழியிற் செலுத்தியதெனினும், மரங்கொத்தியின் நாவைப் பொறுத்தவரை அது நற்பயனே அளித்தது.

அப்பொறியின் அமைப்பு வருமாறு. நாவைத் தாங்கும் நாவடியென்பிலிருந்து பின்னோக்கி இரண்டு நீண்ட கொம்புகள் செல்கின்றன. ஏனைய பறவைகள் பெரும்பாலானவற்றில் இவை தொண்டையின் இருமருங்கிலும் முடிந்துவிடும். மரங்கொத்தியிலோ அவை மண்டையோட்டின் பின்புறமாக மேலேறி, உச்சியைக் கடந்து, நெற்றி வழியாக மூக்குத் துவாரத்தின் அருகுவரை வருகின்றன. சில இனங்களில் அவை வலக் கண்குழியைச் சுற்றிக்கொள்வதுமுண்டு. கீழ்த்தாடையிலிருந்து வரும் ஒரு தசை உறைபோல் இக்கொம்புகளைச் சூழ்ந்துள்ளது. அத்தசை சுருங்கும்போது, தொண்டைப் புறத்தே தளர்ந்து வளைந்திருந்த கொம்புகள் மண்டையோட்டோடு இறுகப் படிந்து முன்னோக்கி வழுக்குகின்றன. நா வெளியே பாய்கின்றது. வாதனாளியோடு தொடர்புடைய வேறு தசைகள் அதனை மீட்கின்றன. ஐரோப்பியப் பச்சை மரங்கொத்தி இவ்வாறு அலகுக்கு வெளியே ஏறத்தாழ 10 சதமமீற்றர் வரை நாவை நீட்டி எறும்புப் புற்றுகளைத் துழாவும். பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதன்மேற் பசைபோன்ற நீரைப் பூசுகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கொம்புகளுக்கு இன்னொரு தொழிலும் கற்பிக்கப்பட்டது. மரத்தைக் கொத்தும்போது எழும் அதிர்ச்சியிலிருந்து மூளையைக் காக்கும் ஒரு வார்ப்பட்டையாக அவை பயன்படுகின்றன என்ற கருத்து நூல்களிற் புகுந்தது. அழகான கருத்துத்தான். ஆனால் 2022இற் பெல்சிய ஆய்வாளர் சாம் வான் வாசன்பேர்க்கும் அவருடன் உழைத்தோரும் மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகப் படப்பிடிப்பால் ஆராய்ந்தபோது, அலகுக்கும் மூளைப் பெட்டகத்துக்கும் இடையே அதிர்ச்சி தணிக்கப்படுவதற்கான சான்று கிடைக்கவில்லை. தலை ஒரு விறைத்த சுத்தியலாகவே தொழிற்படுகின்றது. அதிர்ச்சியைத் தணித்தாற் கொத்தின் வலிமையும் குறையுமன்றோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாவாராய்ச்சி அரும்பொருட்சாலைகளைச் சார்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அரும்பொருட்சாலையிற் பணியாற்றிய பிரெடரிக் லூக்காசு, ரீங்காரச் சிட்டின் நாவைப் பற்றி 1891இலும், பறவை நாக்குகளைப் பற்றிப் பொதுவாக 1890களின் பிற்பகுதியிலும் எழுதினார். நாவின் வடிவம் பறவையின் இனவுறவைக் காட்டிலும் அதன் உணவையே பெரிதும் காட்டுகின்றது என்பது அவருடைய துணிபு. 1925இல் லியோன் காட்னர் இவ்வினாவை மீண்டும் எடுத்து விரிவாக ஆராய்ந்தார். இப்பணிகள் பயனுள்ளவையே. ஆயினும் இவற்றுக்கு அடிப்படையாயிருந்தவை சாராயத்தில் ஊறிய நாக்குகளாகும். வடிவத்தைக் கண்டு தொழிலை ஊகிக்கும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது.

அவ்வூகம் மிக நீண்டகாலம் அரசோச்சியது ரீங்காரச் சிட்டின் விடயத்திலேயே. அமெரிக்கக் கண்டங்களில் மாத்திரம் வாழும் இச்சிறு பறவை, பூவின் முன் அந்தரத்தில் நின்றவாறு அமுதத்தை உண்ணும். அதன் நா நுனியில் இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு கிளையிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. ஒடுங்கிய குழாயைக் கண்டவுடன், அதில் திரவம் தானே மேலேறும் மயிர்த்துளைத் தன்மை அறிஞரின் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இவ்விளக்கம் கூறப்பட்டுவிட்டது. பின்வந்தோர் அதனை எடுத்தாண்டனர். அவர்க்குப் பின்வந்தோர் அவர்களை எடுத்தாண்டனர். 1983இற் கிங்சொல்வர், டானியல் ஆகிய இருவர் அதனைக் கணித மாதிரியாகவும் அமைத்தனர். உண்பதற்கு மிக ஏற்ற அமுதம் 20 முதல் 40 வீதம் வரை வெல்லங் கொண்டது என அத்தகைய மாதிரிகள் கூறின. ஆய்வுகூடத்தில் தெரிவுக்கு விடப்பட்ட பறவைகளோ அதனிலும் செறிந்த கரைசலை நாடின. இம்முரண்பாடு தெரிந்திருந்தும் அடிப்படை ஐயுறப்படவில்லை. கணக்கு நுட்பமாயிருந்தமையால் அதன் எடுகோளும் உறுதியானதெனக் கருதப்பட்டது போலும்.

கொனெக்ரிகட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த கொலம்பிய நாட்டவர் அலெகாந்திரோ ரிக்கோ-கெவாராவும் அவருடைய பேராசிரியை மார்கரெட் றுபேகாவும் 2011இல் வெளியிட்ட கட்டுரை இவ்விளக்கத்தைத் தகர்த்தது. ஒளிபுகும் கலங்களிலிருந்து பறவை உண்ணும்போது அதன் நாவை அவர்கள் அதிவேகமாகப் படம்பிடித்தனர். திரவத்தினுள் நுழைந்ததும் நாவின் இரு கிளைகளும் விலகுகின்றன; ஓரங்களிலுள்ள மெல்லிய சவ்விழைகள் விரிகின்றன; வெளியே வரும்போது அவை சுருண்டு மூடித் துளியை அகப்படுத்துகின்றன. 2015இல், 18 இனங்களின் காட்டுப் பறவைகளைப் படம்பிடித்துப் பெற்ற முடிவும் வெளியாயிற்று. அலகின் நெருக்கத்தால் தட்டையாக்கப்பட்டு வெளிவரும் பள்ளங்கள், அமுதத்தைத் தொட்டதும் மீள்சக்தியால் விரிந்து நிரம்புகின்றன. செயற்படுவது நுண்ணிய ஒரு பம்பியே. மயிர்த்துளையிற் காணவேண்டிய மெல்லிய ஏற்றம் அப்படங்களில் எங்கும் தென்படவில்லை. பறவை ஒரு செக்கனில் ஏறத்தாழ பதினைந்து தடவை நக்குவதால், வெறுங் கண்ணால் இதனைக் காண்பதும் இயலாது.

எனவே பழைய அறிஞரிடம் கருவி இல்லாமையே தவறுக்குக் காரணம் எனலாமா? முற்றாக அவ்வாறு கூறவும் முடியாது. சவ்விழைகள் விரிந்து சுருள்வதற்குத் தசையோ உயிரோ வேண்டியதில்லை. இறந்த பறவையின் நாவைத் திரவத்தில் அமிழ்த்தி எடுத்தாலும் அம்மாற்றம் நிகழ்வதை 2011ஆம் ஆண்டின் ஆய்வே காட்டியது. அரும்பொருட்சாலைகளில் நா இருந்தது, உருப்பெருக்கியும் இருந்தது; விடையுங்கூட முன்னரே கையிலிருந்தமையாற் போலும், அந்நாவைத் திரவத்திலிட்டு வெளியே எடுக்கும் அந்தக் கணத்தை உற்று நோக்கவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை.

இலங்கையிலே பூந்தோட்டங்களிற் காணப்படும் தேன்சிட்டுகள் ரீங்காரச் சிட்டின் உறவினரல்ல. அவற்றிலொன்று, 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்துத் தேசாதிபதியாயிருந்த லோட்டனின் பெயரை 1766 முதற் கொண்டுள்ளது. அவற்றின் நாவும் குழாய் போன்றது, நுனி பிளந்தது. ஆனால் அவ்வடிவம் வேறொரு பரம்பரையில் தனியே தோன்றியதாகும். அமெரிக்கச் சிட்டிற் கண்டதை இதன்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. இந்நா அமுதத்தில் இறங்கி ஏறுவதை இதனிடத்திலேயே பார்த்துக் கூறவேண்டும்.